வால் யுனைடெட், சம்பளம் வேறொருவர்: அமெரிக்க ரீஜனல் விமானங்களின் கணக்கு

அமெரிக்காவில் சிகாகோ, அட்லாண்டா மாதிரி பெரிய ஊரிலிருந்து ஒரு சின்ன ஊருக்கு டிக்கெட் போட்டால், "இயக்குவது ஸ்கைவெஸ்ட்", "இயக்குவது ரிபப்ளிக்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். யாரும் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. விமானத்தின் வாலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் வண்ணம், கையில் தரும் நாப்கினில் யுனைடெட் முத்திரை. காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும் இருவரின் சம்பளச் சீட்டில் மட்டும் யுனைடெட் பெயர் இருக்காது.

ஐ.டி. கம்பெனிக்கு ஓடும் கான்ட்ராக்ட் வேனை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ரூட், எத்தனை மணிக்கு, யார் ஏறலாம் என்பதெல்லாம் கம்பெனி முடிவு. வேனில் இரண்டு பேர் வந்தாலும் பன்னிரண்டு பேர் வந்தாலும் ஓனருக்கு அதே காசு. இங்கேயும் அதேதான். கெப்பாசிட்டி பர்ச்சேஸ் அக்ரிமென்ட், சுருக்கமாக சி.பி.ஏ. என்ற ஒப்பந்தத்தில் பெரிய ஏர்லைன் அட்டவணை போடும், டிக்கெட் விலை வைக்கும், விற்ற பணத்தை எடுத்துக்கொள்ளும். ஸ்கைவெஸ்ட் மாதிரி அதன் பெயரில் சின்ன விமானங்களை ஓட்டும் ரீஜனல் கம்பெனிக்கு விமானத்துக்கு மாதம் இவ்வளவு, புறப்பாட்டுக்கு இவ்வளவு, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கூலி. எரிபொருள், தரையிறங்கும் கட்டணம் போன்றவை பெரும்பாலும் பெரிய ஏர்லைன் தலையில். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், ரத்தாகாமல் ஓடியதும் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஊக்கத்தொகை, கீழே போனால் பிடித்தம்.

இதில் டிக்கெட் விலையை ஏற்றி லாபம் பார்க்க ரீஜனல் கம்பெனிக்கு வழியே இல்லை. எண்ணெய் விலை இறங்கினாலும் அதற்கு லாபம் இல்லை. வரவு நிலையானது, ஆகவே லாபம் செலவைக் குறைப்பதில்தான். அதன் கையில் இருக்கும் பெரிய செலவு ஆட்களின் சம்பளம்.

விமானி சம்பளம் சர்வீஸ் ஆண்டுகளை வைத்து ஏறும். இரண்டு வருட கேப்டனும் பதினைந்து வருட கேப்டனும் ஒரே விமானத்தை ஒரே ரூட்டில் ஓட்டினாலும் பின்னவர் சம்பளம் கணிசமாக அதிகம். பெரிய ஏர்லைன் தரும் கூலியோ இருவருக்கும் ஒன்று. அதனால் ஒரு ரீஜனல் கம்பெனி பழசாகப் பழசாக, அதன் விமானிகள் கைதேறத் தேற, அது "விலை கூடிய" கம்பெனியாகிவிடுகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வரும்போது, எல்லோரும் புதுசாகச் சேர்ந்த இன்னொரு கம்பெனி குறைந்த விலை சொல்கிறது. விமானத்தில் வேறு எதிலும் அனுபவத்துக்கு இப்படி அபராதம் கிடையாது.

சின்சினாட்டியை மையமாக வைத்து ஓடிய காம்ஏர் என்ற ரீஜனல் கம்பெனி இதற்கு நல்ல உதாரணம். அதைப் பெரிய ஏர்லைனான டெல்டாவே வாங்கி வைத்திருந்தது. 2001-ல் அதன் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல சம்பள ஒப்பந்தம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு விமானங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 2012 செப்டம்பரில் டெல்டா அதை மூடியது. எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற இன்னொரு ரீஜனலின் கதை இன்னும் சுருக்கம்: 2020-ல் யுனைடெட் தன் 50 இருக்கை எம்ப்ரேயர் 145 விமானங்களை ஓட்டும் வேலையை கம்யூட்ஏர் என்ற வேறொரு ரீஜனலுக்குக் கொடுத்தது. வேறு வேலை இல்லாத எக்ஸ்பிரஸ்ஜெட் அந்த செப்டம்பர் 30-ஆம் தேதியோடு யுனைடெட்டுக்குப் பறப்பதை நிறுத்தியது. வேலை இருந்தது, விமானம் இருந்தது, ஓட்டுபவர்கள் மட்டும் மாற்றப்பட்டார்கள்.

மாற்றப்பட்டவர் அடுத்த கம்பெனியில் சேரும்போது சீனியாரிட்டி பட்டியலின் கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். எந்த விமானம், எந்த ஊர் பேஸ், தீபாவளி வாரம் லீவா இல்லையா, கேப்டனா துணை விமானியா, ரிசர்வில் போனை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் ஏர்போர்ட் வரத் தயாராகக் காத்திருக்க வேண்டுமா, எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. பத்தாயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் பழைய எண் கூடவே வராது. டாக்டரோ பொறியாளரோ ஆஸ்பத்திரி மாறினால், கம்பெனி மாறினால் அனுபவத்தைக் காட்டிச் சம்பளம் பேசலாம். விமானி பேச முடியாது. நிர்வாகத்துக்கு இது தெரியும். "நீங்கள் சம்பளத்தை விட்டுக்கொடுக்காவிட்டால் புது விமானங்கள் பக்கத்துக் கம்பெனிக்குப் போகும்" என்ற மிரட்டல் பலிப்பதற்கு இதுதான் காரணம். இதை, இரண்டு பக்கமும் ஆள் நின்று மாறி மாறி இழுக்கும் ரம்பத்தின் பெயரால் 'விப்சா' என்று சொல்வார்கள்.

இதில் பெரிய ஏர்லைன் விமானிகளுக்கும் பங்கு உண்டு. அவர்களின் சங்க ஒப்பந்தத்தில் 'ஸ்கோப் கிளாஸ்' என்று ஒரு பிரிவு இருக்கிறது: ரீஜனல் கம்பெனிகள் ஓட்டும் ஜெட் 76 இருக்கைக்கு மேல் இருக்கக்கூடாது, அதிகபட்ச எடை 86,000 பவுண்டைத் தாண்டக்கூடாது, இத்தனை விமானங்களுக்கு மேல் கூடாது. தங்கள் வேலை வெளியே போகாமல் காக்க வைத்த வேலி அது, நியாயமான வேலிதான். ஆனால் வேலிக்கு உள்ளே 76 இருக்கை வரை வேலையை விட்டுக்கொடுத்ததும் அதே ஒப்பந்தங்கள்தான். எம்ப்ரேயர் தன் 175 மாடலுக்குப் புது இன்ஜின் போட்டு E2 என்று கொண்டுவந்தது. எடை வரம்பைத் தாண்டிவிட்டதால் அமெரிக்க ரீஜனல்களிடம் விற்க முடியவில்லை. 2019-ல் யுனைடெட்டுக்காக வந்த சி.ஆர்.ஜே. 550 இன்னும் வேடிக்கை: 70 பேர் உட்காரும் விமானத்தில் இருபது இருக்கையைப் பிடுங்கி, அந்த இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரி கட்டினார்கள். பயணிக்குச் சொகுசு என்று விளம்பரம். பெரிய ரீஜனல் ஜெட்களின் எண்ணிக்கை வரம்புக்குள் இந்த விமானத்தைச் சேர்க்காமல் இருப்பது அதன் இன்னொரு வேலை.

சம்பளம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. கதவு மூடி, பார்க்கிங் பிரேக் விடுவித்த நொடியில் மீட்டர் ஆன். போய்ச் சேர்ந்து பிரேக் போட்டதும் ஆஃப். ரீஜனல் விமானிக்கு ஒரு நாளில் 55 நிமிடத்தில் நான்கு பயணம் என்றால் மீட்டரில் 3 மணி 40 நிமிடம். இடையில் மூன்று முறை ஆளை இறக்கி ஏற்றுவது, விமானத்தைச் சுற்றிப் பார்த்துச் சோதிப்பது, வானிலை பார்ப்பது, பனிப்புயலில் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் டியூட்டி பத்து மணி நேரத்தைத் தொடும். குறைந்தபட்ச நாள் சம்பளம் என்று ஒப்பந்தங்களில் ஒரு தாங்கல் உண்டு, அது முழுசாக ஈடுகட்டாது. பெரிய விமானத்தில் நான்கு மணி நேரம் ஒரே பயணம் போகிறவருக்கு அதே மீட்டர், ஒரே ஒரு டேக்ஆஃப். சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் பனி கொட்டி, இறங்க அனுமதிக்கும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நாளில் முதலில் ரத்தாவதும் 50 இருக்கை விமானம்தான். அதன் இடத்தைத் தன் 180 இருக்கை விமானத்துக்கு மாற்றிக்கொள்ளப் பெரிய ஏர்லைனால் முடியும்.

2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ அருகே கோல்கன் என்ற ரீஜனல் கம்பெனியின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் பெரிய ஏர்லைனான கான்டினென்டல் பெயர், ஓட்டியது கோல்கன். துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடிக்கு வேலைக்கு வந்தவர். வேகம் குறைந்து கண்ட்ரோல் நடுங்கி எச்சரித்தபோது கேப்டன் மூக்கைக் கீழே தள்ளாமல் மேலே இழுத்தார். அதன் பின் 2010-ல் வந்த சட்டத்தால், துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்றானது. அதற்கு முன் 250 மணி நேரம் போதும். ஒன்றை மறக்கக் கூடாது: விழுந்த விமானத்தில் இருந்த இருவருமே 1,500 மணியைத் தாண்டியவர்கள். களைப்பும் பயிற்சிக் குறையும்தான் அங்கே பிரச்சினை. 2014-லிருந்து பத்து மணி நேர ஓய்வு விதி வந்தது, அதுதான் நேரடியான மருந்து. மணிக்கணக்கு விதி வேறொன்றைச் செய்தது: ஆள் வரத்தைக் குறைத்து, சம்பளத்தை ஏறவைத்தது.

அது 2022-ல் பளிச்சென்று தெரிந்தது. பெரிய ஏர்லைன்கள் கோவிட்டுக்குப் பிறகு கும்பலாக ஆள் எடுத்தன. ரீஜனல்கள் காலியாயின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தின் ரீஜனல்களான என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. மூன்றும் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று ஏற்றின. அதில் ஒரு பகுதி தற்காலிகக் கூடுதல் தொகை. ஸ்கைவெஸ்ட் அரசு மானியத்தில் ஓடிய 29 ஊர்ச் சேவைகளைக் கைவிடுவதாக நோட்டீஸ் கொடுத்தது. சம்பளத்தை ஏற்றியது ஆள் தட்டுப்பாடுதான். சி.பி.ஏ.வின் அடிப்படைக் கணக்கில் ஒரு வரிகூட மாறவில்லை.

பிள்ளை அமெரிக்காவில் விமானியாக வேண்டும் என்று கேட்கும் பெற்றோர், ரீஜனல் கம்பெனியின் வேலைக் கடிதத்தில் சேரும்போது தருவதாகச் சொல்லும் போனஸ் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். அந்தக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, இடையில் விலகினால் போனஸில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது. அடுத்து, பெரிய ஏர்லைனுக்கு நேராகப் போகும் 'ஃப்ளோ' என்று சொன்னால், மாதம் எத்தனை பேர் என்று எண் இருக்கிறதா, அல்லது "பெரிய ஏர்லைன் ஆள் எடுக்கும்போது" என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது இருந்தால், ஆள் எடுப்பு நிற்கும் ஆண்டில் அந்த வரிக்கு மதிப்பில்லை. கடைசியாக, அந்தக் கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தால் அதன் ஆண்டறிக்கையைத் திறங்கள். எந்த ஏர்லைனுக்கு எந்த மாடலில் எத்தனை விமானம், அந்த ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று ஸ்கைவெஸ்ட் மாதிரி கம்பெனிகள் அட்டவணையாகவே போடுகின்றன. பிள்ளை கேப்டனாக எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.