"அக்கா, இதை நேரா போடலாமா?"

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது அந்தப் பெண்ணுக்கு. எண்ணூர்ப் பக்கம் மீனவக் குடும்பம், வீட்டில் முதல் நர்ஸ். போன வாரம் இரவு டூட்டியில் பொட்டாசியம் குளோரைடு மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதை நேரா ஐவியில போடலாமா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் இன்னொரு சீனியர், "நாலு வருஷம் என்னத்த படிச்ச?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டார்.

அவள் போடாமல் நின்று கேட்டதுதான் சரி. பொட்டாசியத்தை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ட்ரிப்ஸில் கலந்து, அளவு பார்த்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இது அவள் படித்ததுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பக்கம் மூச்சுத் திணறும் பெரியவர், இன்னொரு பக்கம் தெருவே திரண்டு வந்து "என்னாச்சு சிஸ்டர்?" என்று கேட்கும்போது, படித்தது சட்டென்று கைக்கு வராது. அதனால்தான் சந்தேகம் வந்ததும் நின்று கேட்டாள். இப்படித் திட்டு வாங்கினால் அடுத்த முறை கேட்காமலே போட்டுவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

மார்லின் கிரேமர் என்கிற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 1974லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியில் புதியவர்கள் எப்படி உடைந்துபோகிறார்கள் என்று. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். இன்னும் அதையேதான் பார்க்கிறேன்.

சேர்ந்த அன்றைக்கே புது நர்ஸை முழு ஆளாகக் கணக்கில் வைப்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். டூட்டி லிஸ்டில் இரண்டு பேர் என்று இருக்கும். அதில் ஒருத்தி கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போடவே இப்போதுதான் பழகிக்கொண்டிருப்பாள். முதல் மூன்று மாதம் அவளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே சீனியரோடு, அதே ஷிஃப்டில் விடுங்கள். தனியாக நைட் போடாதீர்கள். சின்ன ஆஸ்பத்திரிக்கு இது செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறாவது மாதம் அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்து ஒருத்தியைப் பழக்க வேண்டுமே, அது செலவில்லையா?

"எங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று சொல்லும் சீனியர்களின் களைப்பும் எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அதையே சொன்னவள்தான். அப்போது என்னிடம் திட்டு வாங்கிய பெண்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

நேற்று அந்தச் சீனியர் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்துவிட்டு அந்தப் புதுநர்ஸ் என்னிடம் வந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் நான்கு கேள்விகள். உட்கார்ந்து நான்கையும் பார்த்தோம். அடுத்த மாத லிஸ்டில் அவளை என் ஷிஃப்டிலேயே போடச் சொல்லி இன்சார்ஜிடம் கேட்டிருக்கிறேன்.