ரன்வே நிலை ‘5/5/5’ அபாய எண் அல்ல

“கடலோரச் சிறு விமான நிலையத்தில் ரன்வே 5/5/5. ஆறுக்கு ஐந்து ஆபத்து, யாரும் இறங்கக் கூடாது” என்ற ஃபார்வர்டு சுற்றுகிறது. தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

2021 நவம்பர் 4 முதல் நடைமுறையில் உள்ள இகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) அறிக்கை முறையில் 6 என்றால் உலர்ந்த ரன்வே. 5 என்றால் ஈரம், நீரின் ஆழம் 3 மி.மீ. வரை, பிரேக் நன்றாகவே பிடிக்கும். எண் குறையக் குறையத்தான் வழுக்கல் கூடும். அந்த 3 மி.மீட்டரைத் தாண்டித் தண்ணீர் தேங்கினால் நேராக 2-க்கு இறங்கிவிடும். டயர் நீர்மேல் மிதந்து வழுக்கும் நிலை அது. ஈரத்தில் வழுக்கும் என்று ஏற்கெனவே அறிவித்த ரன்வேக்கு 3.

மூன்று எண்கள் ரன்வேயின் மூன்று பகுதிகளுக்கு. எழுத்து அறிக்கையில் சிறிய எண் கொண்ட முனையிலிருந்து தொடங்கும். ஒரு முனை 09, மறுமுனை 27 என்று எண்ணிட்ட 09/27 ரன்வேக்கு 5/5/2 என்றிருந்தால், 27 முனையிலிருந்து இறங்குபவருக்குச் சக்கரம் தொடும் இடமே 2. (டவர், அதாவது விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம், சொல்லும்போது இறங்கும் திசை வரிசையில் சொல்வார்கள், குழப்பம் பெரும்பாலும் இங்கேதான்.)

முழு அட்டவணை இகாவோ ஆவணம் 9981-இல் உள்ளது. அன்றைய நிலையை ஏடிஸ் (விமான நிலையத்தின் தானியங்கித் தகவல்) ஒலிபரப்பிலோ டவரிடமோ கேளுங்கள். அந்தச் செய்தியை மேலும் அனுப்ப வேண்டாம்.