எடுத்தது காசு, கொடுப்பது கிரெடிட்டா?

ஏனுங்க, நிறுத்தி வைத்த விளம்பரத்துக்கு யாராவது காசு எடுப்பார்களா? என்னிடம் எடுத்துவிட்டார்கள்.

சென்னிமலையில் தறி போட்டுப் பெட்ஷீட் நெய்து விற்கிறோம். பொங்கல் வியாபாரத்துக்காக ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்து ஆன்லைனில் விளம்பரம் ஓட்டினேன். போகி அன்று ராத்திரி நிறுத்திவிட்டேன். திரையில் ‘நிறுத்தப்பட்டது’ என்று வந்ததைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் எட்டு நாளில் 500 கிளிக்காம். கிளிக்குக்கு 12 ரூபாய் வீதம் 6,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080. 500 பேர் வந்து பார்த்ததில் ஒருத்தர்கூடவா போன் போட்டு விலை கேட்க மாட்டார்?

கார்டிலிருந்து தானாகவே பணம் எடுக்கிற ஆட்டோ டெபிட் 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஓடிபி கேட்காது. வெள்ளிக்கிழமை 7,080 ரூபாய் போய்விட்டது. சனிக்கிழமை தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்கிற நாள். வாரமெல்லாம் மிதித்து நெய்தவரிடம் விளம்பரக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்றா சொல்வேன்? கடன் வாங்கித்தான் கொடுத்தேன்.

ஓடியதாகவே வைத்தாலும் எட்டு நாளைக்கு 4,000 தானே ஆகும் என்று கேட்டேன். ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை போகலாம், மாதக் கணக்கில் சரியாகிவிடும் என்று விதியைக் காட்டினார்கள். அப்படியென்றால் அந்த 500 எதற்கு?

மூன்று வாரம் அலைய விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் புது ஆள், முதலிலிருந்து அதே கதை. கடைசியில் தப்பு எங்களுடையதுதான் என்று ஒத்துக்கொண்டு 6,000 ரூபாயைக் கிரெடிட்டாகப் போட்டார்கள். அதை வைத்து அவர்களிடமே மறுபடி விளம்பரம்தான் போட முடியும். வரிப் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பேங்கில் புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பினால் விளம்பரக் கணக்கை முடக்கிவிடுவார்களாம்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் நான் ஒரு பெட்ஷீட் குறைத்துக் கட்டிவிட்டால், அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வியாபாரி வந்து நிற்பார். காசை எண்ணி அவர் கையில் கொடுக்காமல், ‘என்னிடமே இன்னும் வாங்கு, கழித்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் அங்கே மறுபடி கடை விரிக்க முடியுமா?

எந்தக் கார்டிலிருந்து எடுத்தார்களோ அந்தக் கார்டுக்கு 7,080 ரூபாய் வர வேண்டும். நாலாவது தடவையாக எழுதியிருக்கிறேன். கூலிக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.