புல் வெட்டியவர் கைக்கு வந்த காசோலை

கூட்டுறவுச் சங்கங்களில் முப்பது ஆண்டுகள் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் எங்கே இடிக்கிறது என்று தேடும் புத்தி இன்னும் விடவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் எடோவா கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சிறையின் கதை அந்தப் புத்தியைப் போட்டுக் குடைகிறது.

கவுண்டியின் காவல் தலைவர் ஷெரீஃப்; மக்கள் தேர்ந்தெடுப்பவர், சிறையை நடத்துபவரும் அவரே. கைதியின் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.75 டாலர் என மாநில அரசு அப்போது அவரிடம் கொடுத்துவந்தது. மிச்சம் பிடித்தால் அது அவருக்கே என்றிருந்தது! இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஒரு சட்டத்துக்கு அங்கே பல ஷெரீஃபுகள் கண்ட பொருள் அது. டாட் என்ட்ரெகின் என்ற ஷெரீஃப், மூன்று ஆண்டுகளில் உணவுக் கணக்கிலிருந்து 7,50,000 டாலருக்கு மேல் பெற்றதைத் தன் வருமான அறிக்கையில் தானே எழுதிக் கொடுத்திருந்தார். 7,40,000 டாலருக்குக் கடற்கரை வீடும் வாங்கியிருந்தார். எல்லாம் சட்டப்படிதான் என்பது அவர் வாதம்.

2018இல் இதைத் தணிக்கையாளர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஷெரீஃபின் வீட்டில் புல் வெட்டிய இளைஞருக்குக் கூலியாக வந்த காசோலையில் சிறை உணவுக் கணக்கின் பெயர் அச்சிட்டிருந்தது. அவர் செய்தியாளரிடம் சொன்னார். செய்தி வெளிவந்த சில நாட்களில் அந்த இளைஞர் போதைப்பொருள் வழக்கில் கைதானார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சாப்பாட்டுப் பணத்தின் கதை இது. சிறைக்குள் இருக்கும் கடையின் பணம் இன்னும் நுணுக்கமானது. கமிசரி என்பார்கள். சோப்பு, பற்பசை, நூடுல்ஸ் எல்லாம் அங்கேதான் வாங்க வேண்டும், எதிர்க்கடை கிடையாது. பணம் போடுவது வெளியே இருக்கும் தாயோ மனைவியோ. பல இடங்களில் போடுவதற்கே கட்டணம் வேறு.

கலிஃபோர்னியாவில் கவுண்டி சிறைக் கடையின் லாபம் கைதிகள் நல நிதிக்குப் போக வேண்டும், ஆண்டுதோறும் செலவு விவரத்தைக் கவுண்டி மேற்பார்வைக் குழுவிடம் ஷெரீஃப் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் கைதிகளின் நலனுக்கு 'முதன்மையாக' என்று ஒரு சொல் நெடுங்காலம் அதில் இருந்தது. நலனுக்குத் தேவைப்படாத பணத்தைச் சிறைப் பராமரிப்புக்குச் செலவிடலாம் என்றும் இருந்தது. செலவழிப்பவர் ஷெரீஃப். சிறையைப் பராமரிக்க வேண்டியவரும் அவரே. பூட்டியிருக்கும் கதவைச் சரிசெய்யும் செலவை, உள்ளே பூட்டப்பட்டவன் வாங்கிய நூடுல்ஸில் பிடிக்கலாம் என்றால் அதற்கு நல நிதி என்று பெயர் எதற்கு?

என் தொழிலையே குறைத்துச் சொல்கிறேன்: தணிக்கை மட்டும் போதாது. ரசீது இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். சோப்பு உண்மையில் வந்ததா என்பது குளித்தவனுக்குத்தான் தெரியும். கூட்டுறவுக் கடையில் பேரவைக் கூட்டத்தன்று எந்தக் கிழவரும் எழுந்து கேட்கலாம். அந்தப் பயத்தில்தான் பாதிப் பேரேடுகள் ஒழுங்காக இருந்தன. சிறைக் கடையில் வாங்குபவன் எழுந்து கேட்க முடியாது. ஆகவே அந்த ஆண்டறிக்கை மேற்பார்வைக் குழுவின் மேசையோடு நிற்கக் கூடாது. கடையின் விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும் அதே சுவரில் அதையும் ஒட்ட வேண்டும், பணம் அனுப்பும் குடும்பத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும்.

என்ட்ரெகின் 2018இலேயே கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். 2019இல் அலபாமா சட்டத்தைத் திருத்தி, உணவுப் பணத்தை ஷெரீஃபுகள் சொந்தமாக்கிக்கொள்ளும் வழியை அடைத்தது. அந்தக் காசோலையில் வேறு பெயர் அச்சிட்டிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓடியிருக்குமோ!