கால்சியம் மாத்திரையும் சாத்திய கதவும்

அந்த வீடியோவை எனக்கு அனுப்புறதை இத்தோட நிறுத்திக்கங்க. பார்த்தாச்சு. கால்சியம் மாத்திரை போட்டா விந்தணு சீறிப் பாயுமாம். ரெண்டு வரி மறுத்து எழுதினா "நீ என்ன டாக்டரா?"ன்னு ஒரு கூட்டமே வருது. சரி, இங்கேயே எழுதுறேன்.

பிரச்சனை கால்சியம் இல்லைங்க, கதவு. விந்தணுவுக்கு வெளியே கால்சியம் 1-2 மில்லிமோலார் (செறிவை அளக்கிற அலகு; ஒரு மில்லிமோலார்னா பத்து லட்சம் நானோமோலார்). உள்ளே சுமார் 100 நானோமோலார். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! தெருவெல்லாம் வெள்ளம், வாசக்கதவு மட்டும் சாத்தியிருக்கு. தெருவுல இன்னொரு குடம் ஊத்தி என்ன ஆகப்போகுது?

கால்சியத்தை உள்ளே விடுற அந்தப் புரதக் கதவுக்குப் பேர் கேட்ஸ்பெர். 2001ல கண்டுபிடிச்சாங்க. வாலோட நீளத்துக்கு நாலு வரிசையா உட்கார்ந்திருக்கு. அது திறக்க முதல்ல விந்தணுவுக்குள்ள அமிலம் குறையணும். மனுஷ விந்தணுவுல அமிலத்தை வெளியே தள்ள எச்வி1னு ஒரு புரோட்டான் (அமிலத்தன்மை தர்ற துகள்) வழி இருக்கு. விந்துத் திரவத்துல இருக்கிற துத்தநாகம் அதை அடைச்சு வைக்கும். அப்புறம் புரோஜெஸ்ட்ரோன்ங்கிற ஹார்மோன். முட்டையைச் சுத்தியிருக்கிற செல்கள் அதைச் சுரக்கும். நானோமோலார் அளவு போதும், சில நொடியில வேலை நடக்கும். எப்படின்னு 2016ல விஞ்ஞானி லிஷ்கோவோட ஆய்வுக் குழு காட்டினாங்க: 2-ஏஜினு ஒரு கொழுப்பு கதவைத் திறக்க விடாம பிடிச்சிருக்கு, புரோஜெஸ்ட்ரோன் ஏபிஎச்டி2 நொதியைத் தட்டி எழுப்ப, அது அந்தக் கொழுப்பை உடைச்சுப் போடுது.

சொல்லப்போனா 'சீறிப் பாயும்'ங்கிறதே தப்பு. கால்சியம் ஏறினதும் மைக்ரோஸ்கோப்புல பாருங்க: சீரா நீந்திட்டிருந்த வால் ஒரே பக்கமா சாட்டை மாதிரி சுண்டும், விந்தணு தூண்டில் மீன் போலத் துள்ளும். முட்டையோட உறையைத் துளைக்க அந்தத் துள்ளல்தான் வேணும்.

"எலியில நிரூபிச்சாச்சே"ன்னு ஒருத்தர். எலியோட கேட்ஸ்பெர் புரோஜெஸ்ட்ரோனைக் கண்டுக்கவே கண்டுக்காது சார். "மாத்திரையால ரத்தத்துல கால்சியம் கூடுமே"? கூட விடாம டெசிலிட்டருக்கு 8.5-10.5 மில்லிகிராமுக்குள்ள கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி பிடிச்சு வைக்குது. எலும்புக்காகப் போடுறவங்க தாராளமா போடுங்க, அதுல எனக்கென்ன.

எனக்கு எரியுறது வேற இடத்துல. மரபணுக் கோளாறால கேட்ஸ்பெர் வேலை செய்யாத ஆணுக்கு விந்தணு எண்ணிக்கை, நகர்வு, வடிவம் எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வரலாம். அந்தக் காகிதத்துல கதவைப் பத்தி ஒரு வரி கிடையாது. விந்தணுவைக் கருப்பைக்குள்ள செலுத்துற ஐயூஐ பலிக்காது, முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத் தட்டுல ஒண்ணா விடுற ஐவிஎஃப் பலிக்காது. ஊசியால விந்தணுவை நேரா முட்டைக்குள்ள வைக்கிற இக்சி பலிக்கும். அது தெரியுற வரைக்கும் அரசமரம் சுத்துறது யாரு? "அவனுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ங்கிற பேச்சைக் கேட்டுக்கிட்டே விருந்தாளிக்குக் காபி போடுறது யாரு?

அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு பொண்ணு, "அவருக்கு ரிப்போர்ட் நார்மல் அண்ணா, குறை எனக்குத்தான் போல"ன்னு எழுதியிருக்கு. வீடியோ போட்ட அண்ணன் ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிட்டார்.