உடம்பு நின்ற பிறகும் ஓடும் ஒப்பந்தங்கள்

வட அமெரிக்காவின் பனித்தள ஹாக்கிக்கான தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல்.இல், இதுவரை போடப்பட்ட ஒப்பந்தங்களிலேயே மோசமானது எது என்று கேட்டால் பெரும்பாலான ரசிகர்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் ரிக் டிபியட்ரோ. 25 வயதைத் தொட்டுக்கொண்டிருந்த அந்தக் கோல்கீப்பருக்கு நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 2006 செப்டம்பரில் 15 ஆண்டுகளுக்கு 6.75 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. முதல் 2 சீசன்களில் அவர் 125 ஆட்டங்கள் ஆடினார். அடுத்த 5 சீசன்களையும் சேர்த்து அவர் ஆடியது 50 ஆட்டங்கள் மட்டுமே. இடுப்பு, முழங்கால், தலை என்று ஒன்று மாற்றி ஒன்று பழுதாகிக்கொண்டிருந்த நிலையில், 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் கோல்கீப்பருடன் நடந்த கைகலப்பில் ஒரே குத்தில் முகத்தின் எலும்புகளும் உடைந்தன. 2013இல் ஐலண்டர்ஸ் அவரை விடுவித்தபோது பாக்கியிருந்த 3.6 கோடி டாலரில் மூன்றில் இரண்டு பங்கை, ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் வீதம் 16 ஆண்டுகளுக்குத் தருவதாக முடிவானது. அந்தத் தவணை இன்றும் போய்க்கொண்டிருக்கிறது.

இதைச் சொல்லிச் சிரிக்காத ஹாக்கி ரசிகர் குறைவு. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கொஞ்சம் நிதானமாக யோசித்தபோது, நீண்டகால ஒப்பந்தங்களைப் பற்றி நமக்குப் பழகிப்போன கோபம் தவறான இடத்தில் விழுகிறது என்று எனக்குத் தோன்றியது.

என்.எச்.எல். ஒப்பந்தங்களின் அடிப்படை மிக எளிது. கையெழுத்திட்ட தொகை உறுதியான தொகை; டிபியட்ரோவைப் போல அணியே இடையில் விடுவித்தால் மட்டும் அது குறையும். ஆட்டத்தில் காயம்பட்டு வீரர் படுத்துவிட்டாலும் சம்பளம் நிற்பதில்லை. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும் ரப்பர் வட்டின் முன்னால் உடம்பைக் குறுக்கே போடுவதையும், பலகைச் சுவரில் மோதி மோதி எழுவதையும் அன்றாட வேலையாகக் கொண்ட ஒரு தொழிலில், அந்த உடம்பு நின்றுபோனால் இழப்பை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அணி நிர்வாகமே சுமக்கட்டும் என்று சொல்லும் ஏற்பாடு இது. டிபியட்ரோ யாரையும் ஏமாற்றவில்லை. ஐலண்டர்ஸ் 15 ஆண்டு அபாயத்தைத் தெரிந்தே விலைக்கு வாங்கியது, அந்த அபாயம் நிஜமானது, பணம் கொடுக்கிறது. இதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

உண்மையான விநோதங்கள் வேறு இடத்திலிருந்து முளைக்கின்றன. 2004-05 சீசனையே விழுங்கிய நிர்வாகங்களின் கதவடைப்புக்குப் பிறகு, ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு எல்லை போட்டு வந்த உச்சவரம்பில், ஒரு வீரரின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரிதான் அணியின் கணக்கில் ஏறுகிறது. அந்த ஆண்டு அவர் கைக்குப் போகும் பணம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. உடனே நிர்வாகங்களுக்குச் சாமர்த்தியம் வந்துவிட்டது. முதல் ஆண்டுகளில் அள்ளிக் கொடு, கடைசியில் யாரும் ஆடப்போகாத வயதில் சில ஆண்டுகளைப் பெயருக்கு ஒட்டு, சராசரி இறங்கிவிடும். 2012இல் ஃபிலடெல்ஃபியா அணி தற்காப்பு வீரர் ஷே வெபரை இழுக்க நீட்டிய தொகைக்கு ஈடுகொடுத்து, அவரைத் தக்கவைக்க நாஷ்வில் அணி ஒப்புக்கொண்ட 14 ஆண்டு, 11 கோடி டாலர் ஒப்பந்தம் இந்த வகையின் உச்சம். முதல் 4 ஆண்டுகள் ஒவ்வொன்றுக்கும் 1.4 கோடி, கடைசி 3 ஆண்டுகள் ஒவ்வொன்றுக்கும் வெறும் 10 லட்சம், கணக்கில் ஏறுவதோ 14 ஆண்டுகளுக்கும் ஒரே மாதிரி ஏறத்தாழ 78.6 லட்சம்.

வெபர் பின்னர் மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டு அங்கே அணித் தலைவரானார். கணுக்கால், பாதம், முழங்கால், கட்டைவிரல் எல்லாம் சிதைந்த நிலையில் லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் 2021 ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டி வரை ஆடினார். அதற்குப் பிறகு அவர் களமிறங்கவே இல்லை. ஆனால் அவருடைய ஒப்பந்தம் ஊர் ஊராகச் சுற்றியது: 2022இல் வேகஸ், 2023இல் அரிசோனா, 2024இல் அந்த அணி இடம்பெயர்ந்தபோது அதோடு சேர்ந்து யூட்டா, 2025இல் சிகாகோ. உச்சவரம்பைப் போலவே லீக்கில் குறைந்தபட்சச் செலவு வரம்பும் உண்டு என்பதால், 10 லட்சம் கொடுத்து 78.6 லட்சத்தைக் கணக்குக் காட்ட உதவும் ஆடாத வீரர் சில அணிகளுக்கு வரப்பிரசாதம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த லீக்கில் அதை வைத்து விருந்தே சமைக்கிறார்கள். 2024இல் வெபர் ஹாக்கி புகழரங்கில் சேர்க்கப்பட்டபோதும் அவர் பெயரில் ஓர் ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. கண்ணிலும் தலையிலும் அடிபட்டு 2011 நவம்பரோடு ஆட்டத்தை நிறுத்திய கிறிஸ் புரோங்கரின் கதை இன்னும் விசித்திரமானது. அவர் ஃபிலடெல்ஃபியாவின் ஒப்பந்த வீரராக இருந்துகொண்டே லீக்கின் வீரர் பாதுகாப்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்!

அந்த 2021 இறுதிப் போட்டியை நினைத்தால் இந்த விவகாரம் முழுவதும் ஒரே பனித்தளத்தில் கூடியிருந்ததுபோல் இருக்கிறது. மாண்ட்ரியல் பக்கம் வெபரும், 8 ஆண்டுகளுக்கு 8.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்த கோல்கீப்பர் கேரி பிரைஸும் நின்றார்கள். பிரைஸின் முழங்கால் அந்தக் கோடையிலேயே அறுவை சிகிச்சைக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் ஆடியது 5 ஆட்டங்கள். எதிர்ப்பக்கம் டாம்பா பே அணியின் நிகிதா குச்சரோவ். இடுப்பு அறுவை சிகிச்சைக்காக வழக்கமான சீசனின் 56 ஆட்டங்களையும் தவறவிட்டு, நீண்டகாலக் காயப் பட்டியலில் இருந்தபடியே அணிக்கு உச்சவரம்பில் இடம் பெற்றுத் தந்து (அப்பட்டியலில் இருப்பவரின் சம்பள அளவுக்கு அணி வரம்பைத் தாண்டலாம்), கோப்பைக்கான ப்ளே-ஆஃப் சுற்றுகளின் முதல் ஆட்டத்தன்று திரும்பி வந்து, கோலுக்கும் கோலுக்கு உதவியதற்குமாக 32 புள்ளிகள் குவித்தார். அன்று ப்ளே-ஆஃபுக்கு உச்சவரம்பு கிடையாது என்பதால் எல்லாம் விதிப்படியே நடந்தது. 2025-26 முதல் ப்ளே-ஆஃபிலும் களமிறங்கும் அணியின் சம்பளம் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. நோய்க்குச் சரியான மருந்து இதுதான் என்பேன், ஏனென்றால் இது கணக்குப் புத்தகத்தின் ஓட்டையை அடைக்கிறதே தவிர வீரரின் பாதுகாப்பில் கைவைக்கவில்லை.

ஒப்பந்த ஆண்டுகளைக் குறைப்பதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2013 உடன்பாட்டின்படி சொந்த அணி 8 ஆண்டுகளும் பிற அணிகள் 7 ஆண்டுகளும் வரை தரலாம் என்றிருந்ததை, 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வரும் புதிய உடன்பாடு 7 ஆகவும் 6 ஆகவும் குறைக்கிறது. இதை நிதானத்தின் வெற்றி என்று பலர் பாராட்டுகிறார்கள். நிர்வாகங்களைத் தங்கள் பேராசையிலிருந்தே காப்பாற்றும் விதி என்பது சரி. ஆனால் கழிக்கப்பட்ட அந்த ஓர் ஆண்டின் அபாயம் காற்றில் கரைந்துவிடாது, 33, 34 வயதில் தேய்ந்த முழங்காலோடு நிற்கும் வீரரின் தலையில்தான் இறங்கும்.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். எல்லா ஒப்பந்தத்துக்கும் இருப்பதில்லை. 2013இல் கொலம்பஸ் அணி நேதன் ஹார்ட்டனுக்கு 7 ஆண்டுகளுக்கு 3.71 கோடி டாலர் கொடுத்தது. 36 ஆட்டங்களுக்குப் பிறகு முதுகெலும்புத் தேய்மானம் அவரை நிறுத்திவிட்டது. காப்பீடு இல்லாத அந்தச் சம்பளத்தை ஆடாதவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாத கொலம்பஸ், 2015இல் அவரைப் பணக்கார டொரான்டோவுக்குத் தள்ளிவிட்டு, அதே அளவு பெரிய ஒப்பந்தத்தோடு அங்கே திணறிக்கொண்டிருந்த டேவிட் கிளார்க்சனை வாங்கிக்கொண்டது. கிளார்க்சனின் முதுகும் போனது. கடைசியில் 2019இல் அவருடைய ஒப்பந்தமும் டொரான்டோவுக்கே திரும்பி வந்து, ஒருவருக்கொருவர் மாற்றப்பட்ட 2 ஒப்பந்தங்களும் ஒரே அணியின் காயப் பட்டியலில் ஒன்றாகக் கிடந்தன.

நீண்டகால ஒப்பந்தத்தில் எனக்கு நிஜமான மனக்குறை ஒன்றுதான். ஆண்டுகளை வாங்கிய நிர்வாகம், அந்த உடம்பையே வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது. 8 ஆண்டு, 8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பஃபலோ அணியின் தலைவராக இருந்த ஜாக் ஐக்கலுக்கு 2021 மார்ச்சில் கழுத்து டிஸ்க் பிதுங்கியது. அவர் செயற்கை டிஸ்க் பொருத்திக்கொள்ள விரும்பினார். அணியின் மருத்துவர்கள் எலும்புகளை இணைக்கும் சிகிச்சைதான் சரி என்றார்கள், சிகிச்சையில் இறுதிச் சொல் அணியுடையது என்று உடன்பாடும் சொன்னது. மாதக்கணக்கில் இழுபறி; தலைவர் பதவி பறிப்பு; நவம்பரில் வேகஸுக்கு மாற்றம். அங்கே அவர் கேட்ட அறுவை சிகிச்சையே நடந்தது. 2023இல் வேகஸ் கோப்பையை வென்றபோது ப்ளே-ஆஃபில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஐக்கல்தான். சிகிச்சை பலித்ததால் அவர் சொன்னது சரி என்று நான் வாதிடவில்லை. பலிக்காமல் போயிருந்தாலும் கழுத்து அவருடையது. பேச்சுவார்த்தை மேசையில் வீரர்கள் எதற்காவது பிடிவாதம் பிடிக்க வேண்டுமென்றால் இதற்குப் பிடிக்கட்டும்.

மற்றபடி, நீண்ட ஒப்பந்தம் சரியாக வேலை செய்தால் எப்படியிருக்கும் என்பதற்குக் கொலராடோவின் கேப்ரியல் லாண்டஸ்கோக்கைப் பார்க்கலாம். 2020இல் சக வீரர் கேல் மகாரின் ஸ்கேட் கத்தி அவர் முழங்காலுக்கு மேலே வெட்டியது. 2021இல் அணி அவருக்கு 8 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. 2022இல் கோப்பையைத் தூக்கியவர், அதன்பின் 3 முழுச் சீசன்களைத் தவறவிட்டார். குருத்தெலும்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இரண்டாண்டுக் கையெழுத்தோடு இருந்த ஒருவருக்கு யார் அவ்வளவு காலம் காத்திருப்பார்கள்? 2025 ஏப்ரலில், 1,032 நாட்கள் கழித்து, டாலஸ் அணிக்கு எதிரான ப்ளே-ஆஃபின் மூன்றாவது ஆட்டத்தில் அவர் பனியில் இறங்கினார். நான்காவது ஆட்டத்தில் கோலும் அடித்தார். அந்தத் தொடரைக் கொலராடோ இழந்தது. அவருடைய ஒப்பந்தம் 2029 வரை இருக்கிறது. டிபியட்ரோவின் கடைசித் தவணையும் அதே ஆண்டில்தான்.