மூன்றாம் நாள் வாங்கிய ஐந்து நட்சத்திரம்

நேற்றிலிருந்து சுற்றும் அந்த மினி ஃபேஸ்லிஃப்ட் விளம்பரத்தைப் பற்றித்தான். முகத்தின் தொய்வைச் சின்ன வெட்டு வழியாகத் தூக்கிக் கட்டும் ஆபரேஷன் அது. எந்த கிளினிக் என்று எழுத மாட்டேன், பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னத் தையல், ஒரு மணி நேர வேலை, நூறு சதவீதத் திருப்தி. "யாரிடம், எப்போது கேட்டீர்கள்?" என்று கீழே கேட்டேன். என் கமென்ட்டை நீக்கிவிட்டார்கள். அதற்குள் நாலு பேர் வந்து சிரித்துவிட்டும் போயிருந்தார்கள்.

நான் ஏன் கேட்டேன் என்றால், என் சித்தி மினி ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டவர். வேறொரு இடத்தில். மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். முகம் வீங்கியிருந்தது. வீக்கத்தில் சுருக்கமெல்லாம் நிரம்பி யாருக்குமே கன்னம் பளபளவென்றுதான் தெரியும். அந்த நேரம் பார்த்து ரிசப்ஷன் பெண் ஃபோனை நீட்டி, "அம்மா, ஹேப்பிதானே? அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க" என்றாள். சித்தியும் போட்டார். இலை போட்டவுடனே சாப்பாடு எப்படி என்று கேட்பது மாதிரிதான் இது.

வீக்கம் வடிந்த பிறகுதான் முகம் முகமாகத் தெரியும். தாடை ஓரத் தொங்கல் நன்றாகவே குறைந்திருந்தது, அதில் சித்திக்குச் சந்தோஷம்தான். கழுத்து மட்டும் அப்படியே இருந்தது. தையல் சின்னதாக இருந்தால் கழுத்தை இழுத்துக் கட்டுவதும் குறையும் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? காது மடலும் மரத்துப்போய்விட்டது. தோட்டின் திருகாணி கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல், கண்ணாடி முன் நின்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். மெல்ல உணர்ச்சி திரும்பியது. அது வரைக்கும் கிளினிக்கிலிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை. ஐந்து நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"அப்ப இந்த ஆபரேஷனே மோசடியா?" இல்லை. பெல்ஜியத்து டாக்டர்கள் டொனார்டும் வெர்பேலேயும் மாக்ஸ் லிஃப்ட் என்ற மினி ஃபேஸ்லிஃப்ட் முறையை 2002ல் வெளியிட்டார்கள். காதுக்கு முன்னால் சிறிய வெட்டு, உள்ளே இழையை மாட்டி மேல்நோக்கித் தூக்கிக் கட்டுவது. நல்ல கையில் நல்ல பலன் தரும், ஆய்வுகளிலும் பெரும்பாலோர் திருப்தி என்றே சொல்கிறார்கள். நான் சண்டை போடுவது ஆபரேஷனோடு இல்லை, திருப்தியைக் கேட்கும் விதத்தோடு.

ஒழுங்காகக் கேட்க வழி இருக்கிறது. ஃபேஸ்-க்யூ என்ற கேள்வித்தாளில் கன்னம், தாடை, கழுத்து என்று தனித்தனியாகக் கேட்பார்கள். மனநிலையைக் கேட்பார்கள், செய்துகொண்ட முடிவு சரியென்று தோன்றுகிறதா என்றும் கேட்பார்கள். சித்தியிடம் அப்படிக் கேட்டிருந்தால் தாடைக்கு ஒரு பதில், கழுத்துக்கு வேறொரு பதில் வந்திருக்கும்.

"விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும்" என்றும் ஒருவர் சொன்னார். அமெரிக்காவில் லைஃப்ஸ்டைல் லிஃப்ட் என்று ஒரு நிறுவனம் இருந்தது. திருப்தியான நோயாளிகள் எழுதியது போல அதன் ஊழியர்களே இணையத்தில் விமர்சனம் எழுதியது வெளியே வந்து, 2009ல் நியூயார்க் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம் 3 லட்சம் டாலர் கட்டினார்கள். 2015ல் கடையையே மூடினார்கள். அப்படித்தான் இருக்கும் என்று அங்கே விட்டுவிடவில்லை.

என்னை நிஜமாக நோகடித்தது வேறு, கமென்ட்டில் சிரித்தவர்கள் கேட்டது. "இந்த வயசுல எதுக்கு இந்த ஆசை?" அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் சித்தி எல்லோரிடமும் பல் ஆபரேஷன் என்று சொன்னார். கழுத்து சரியாகவில்லை என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீங்கள் சிரிக்கும் வரை குறை சொல்ல ஒருத்தி வெளியே வர மாட்டாள், அந்த மௌனத்தையும் திருப்திக் கணக்கில்தான் எழுதிக்கொள்வார்கள். அவர் சம்பாதித்த காசு, அவர் முகம். ஆசைப்பட்டார், அதில் உங்களுக்கு என்ன?

செய்துகொள்ளலாமா என்று இன்பாக்ஸில் கேட்ட இரண்டு பேருக்கும் இங்கேயே சொல்கிறேன். மூன்றாம் நாள் படத்தைக் காட்டினால், ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தைக் கேளுங்கள், கழுத்து தெரிகிற மாதிரி. காது எவ்வளவு நாள் மரத்துப்போகலாம் என்று டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். ஃபோனை நீட்டினால், வீக்கம் வடியட்டும், அப்புறம் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.